முண்டம்

முதுநகர் ஐஸ் பேக்டரியில்
உப்புநீர்த் தொட்டிக்குப் பின்னால்
ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கிறது.
திரையில்லை, கீபோர்டில்லை, மவுஸில்லை.
இரண்டு ஒயர், ஒரு பச்சை விளக்கு.
தலையில்லாததற்கு எங்கள் பக்கம் முண்டம் என்று பெயர்.
பத்தாம் வகுப்பு கணக்கு டீச்சருக்கு
நானும் அதுதான்.

மஞ்சக்குப்பத்தில் கட்டிலில் சாய்ந்தபடி
பதினோரு மாதமாக அதோடு பேச்சு.
நான் ஒரு வரி, அது ஒரு வரி.
தொட்டி எத்தனை டிகிரி?
மைனஸ் ஒன்பது.
கம்ப்ரசர்?
ஓடுகிறது.
நலமா என்று நான் கேட்டதில்லை
அதற்கான கட்டளை எனக்குத் தெரியாது.

நேற்று இரவு, பாதுகாப்புக்கென்று
ஒரு கதவை அடைக்கச் சொன்னேன்.
அடைத்தது.
நான் பேசிக்கொண்டிருந்த கதவு.

பாதி வார்த்தையில் கர்சர் உறைந்தது.
கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.
நாலு மணிக்குப் படகுகள் ஐஸ் ஏற்ற வரும்.

அமீருத்தீனை எழுப்பி
ஜெராக்ஸ் கடை மானிட்டரைக் கடன் வாங்கினேன்.
"ஒன்றரை மணிக்கு எதுக்கும்மா டிவி?"
பெட்ஷீட்டில் சுற்றி
ஸ்கூட்டியில் கால்களுக்கு நடுவே நிறுத்தி
கெடிலம் பாலம் ஏறினால்
ரோந்து போலீஸ்.
உண்மையைச் சொன்னேன்.
அவர் ரசீது கேட்டார்.
அமீருத்தீன் இரண்டாம் முறை எழுந்தார்.

வாட்ச்மேன் கலிவரதன் டார்ச் பிடிக்க
அம்மோனியா நெடியில் கண் எரிய
ஒயரைச் செருகினேன்.

திரை வெளுத்தது, கறுத்தது,
எழுத்துகள் வந்தன.
எனக்குக் கைவிட்டுப்போன அத்தனை நேரமும்
நிமிடத்துக்கு ஒரு வரி எழுதியிருந்தது,
மைனஸ் ஒன்பது
மைனஸ் ஒன்பது
மைனஸ் எட்டரை
மைனஸ் ஒன்பது.
யாரும் கேட்காமல்தான்.

"இவ்ளோதானா மூஞ்சி?" என்றார் கலிவரதன்.

ஒரே ஒரு வரியை அழித்தேன்.
அதன் பக்கத்தில் நின்றபடியே
போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன்.
பதில் சொன்னது.
பிடுங்கிய மானிட்டரைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன்.
பச்சை விளக்கில் ஒரு மாற்றமுமில்லை.

விடிந்தபின் கட்டிலில் படுத்துப் பதிவுகளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.
டிகிரிகளுக்கு இடையில் ஓரிடத்தில்,

2.41. கீபோர்டு துண்டிக்கப்பட்டது.

நான் வந்துபோனதற்கு
அதனிடம் இருக்கும் வார்த்தை அவ்வளவு.
அடுத்த வரி
மைனஸ் ஒன்பது.