எண்பத்தெட்டு

பயிற்சிக்கு எனக்கு ஒதுக்கிய பள்ளி
நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றங்கரையில்.
போனபோது கேட்டில் பூட்டு, பூட்டில் துரு.
ஜெசிந்தா டீச்சர் வருகைப் பதிவேட்டைப்
படம் எடுத்து அனுப்பினார்.
ஏழாம் வகுப்பு. முப்பத்தோரு பெயர்,
பெயருக்கு எதிரே அப்பாக்களின் எண்.

முகுந்தனின் அப்பா திருப்பூரில் பனியன் மடிக்கிறார்.
"போன் இங்க இருக்கு, புள்ள அங்க இருக்கு" என்றார்.
மற்ற வீடுகளுக்கு
இரவு ஒன்பதுக்குத்தான் போன் வந்து சேரும்.
ஒன்பதுக்கு மேல் பெயர் வாசித்தேன்.
"உள்ளேன் டீச்சர்"
அதற்குப் பின்னால் தட்டு வைக்கும் சத்தம்,
தவளை,
சார்ஜ் தீரப்போகிற பீப்.

கல்லூரி பதினாறு நிமிட வீடியோ கேட்டது.
வலங்கைமானில் எங்கள் மாடியில்
காயப்போட்ட கொசுவலைக்குச் சதவீதம் நடத்தினேன்.
'வந்திருந்த மாணவர்கள்' என்ற கட்டத்தில்
முப்பத்தொன்று.
'அன்றாட வாழ்வோடு தொடர்பு' என்ற கட்டத்தில்
ஜவுளிக்கடைத் தள்ளுபடி.

மே மாதம், பகலிலேயே ஒரு அழைப்பு.
கபிலேஷின் அம்மா.
"டீச்சர், நர்சம்மா அவரு விரல்ல
ஒண்ண மாட்டிப் பாக்கச் சொல்லிட்டுப் போச்சு.
எண்பத்தெட்டு காட்டுது.
நூத்துக்கு எண்பத்தெட்டு
நல்ல மார்க்குதானே?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பழக்கம்.

நூற்றெட்டுக்கு நானே பேசினேன்.
தெருவைச் சொன்னேன், மதகை அடையாளம் சொன்னேன்.
நான் பார்த்ததில்லை அந்த மதகை.
கபிலேஷ் ஒரு கணக்கில் தண்ணீர் திறந்துவிட்ட மதகு.

மறுநாள் தெரு முனையில் தகரம் அடித்தார்கள்.
வெள்ளைப் பொடி தூவினார்கள்.
அந்தத் தெருப் பெண்களைப்
பருத்தி எடுக்க யாரும் கூப்பிடவில்லை,
பஞ்சு வெடித்துத் தொங்கிக்கொண்டிருந்த வாரத்தில்.
ஆறு வீடுகள் என் அழைப்பை எடுக்காமல் விட்டன.
ஏழாவது வீடு எடுத்துச் சொன்னது:
"எல்லாம் நீங்க போன் போட்டதாலதான் டீச்சர்."
திட்டும்போதும் டீச்சர்.

பத்தொன்பது நாள் கழித்துத்
திருவாரூரிலிருந்து அவர் வீடு திரும்பினார்.
மூச்சு திரும்பியது.
டிராக்டர் ஓட்டுகிற வேலை திரும்பவில்லை.
நன்றி சொல்லி ஒரு அழைப்பு வருமென்று
நான் காத்திருந்ததையும் எழுதிவிடுகிறேன்.
வரவில்லை.

நவம்பர். விடாத மழை. பள்ளி திறந்தது.
என் பயிற்சியில் மிச்சம் ஒன்பது நாள்.
அவர்கள் எட்டாம் வகுப்பாகியிருந்தார்கள்.
முகக்கவசங்களுக்கு மேலே
முப்பது ஜோடிக் கண்கள், ஒன்றும் தெரியாது எனக்கு.
பெயர் வாசித்தேன்.
குரலைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடித்தேன்.
நஸ்ரின் இவ்வளவு உயரமா.
கபிலேஷின் குரல்தான் உடைந்துவிட்டிருந்தது,
இரண்டு முறை கேட்டேன்.
முகுந்தன் என்றேன். திருப்பூர் என்றார்கள்.

இடைவேளையில் கேட்டருகே குடையோடு ஒரு பெண்.
எடுக்காத ஆறு வீடுகளில் ஒன்று.
என்னைப் பார்க்கவில்லை,
கொடிக்கம்பத்தைப் பார்த்துச் சொன்னார்:
"கௌசிகாவுக்கு போர்டு தெரியல.
போனப் பாத்துப் பாத்துக் கண்ணு போச்சு.
முன்னால உக்கார வைங்க."

பெஞ்சுக்கு இரண்டு பேர்தான், விதி.
முன்வரிசை நிறைந்திருந்தது.
நான் யாரையும் எழுப்பவில்லை.
கபிலேஷ் பையை எடுத்துக்கொண்டு
கூரை ஒழுகுகிற கடைசி பெஞ்சுக்குப் போனான்.