ஐந்து புள்ளிகள்

இம்முறை கட்டுகள் வரவில்லை.
சணல் அவிழ்த்து, விரலில் எச்சில் தொட்டு
எண்ணி வாங்கும் வேலையில்லை.
முப்பது விடைத்தாள்கள்
கோயமுத்தூரில் எங்கோ
ஒரு வெளிச்சப் பட்டையின் கீழ் படுத்தெழுந்து
பேருந்துக் கட்டணமில்லாமல்
மலையேறி வந்துவிட்டன.

கோத்தகிரியில் என் வீட்டு சிக்னல்
சமையலறை ஜன்னலோரம் மட்டும் நிற்கும்.
அரிசி டப்பாவின் மேல் மடிக்கணினி.
நின்றுகொண்டே திருத்துகிறேன்.
பெயர் இல்லை. ஊர் இல்லை.
பதிவெண்ணின் மேல் கறுப்புப் பட்டை.
சில பக்க ஓரங்களில் மட்டும்
தாளை அழுத்திப் பிடித்த ஒரு கட்டைவிரல்,
நகப்பூச்சு பாதி உதிர்ந்தது.

சரிக்குறி என்பது ஒரு முத்திரை.
சொடுக்கினால் விழுகிறது.
கோபத்தில் போட்டதும் தூக்கத்தில் போட்டதும்
ஒரே சிவப்பு, ஒரே சாய்வு.
அவசரப்பட்டால் திரை பிடித்துக்கொள்ளும்:
இப்பக்கத்தில் ஒன்பது விநாடிகளே இருந்தீர்கள்.

பதினெட்டாம் தாள். தாவரவியல், ஏழாவது கேள்வி.
பாடநூல் ‘கிளை நறுக்கல்’ என்னும் இடத்தில்
இந்தப் பிள்ளை ‘கவாத்து’ என்று எழுதியிருக்கிறது.
கறுப்புப் பட்டைக்குத் தெரியாமல்
தேயிலைச் சரிவு ஒன்று எட்டிப் பார்த்தது.

கவாத்துக்குப் பின் துளிர்த்த செடியில்
மூடுபனி இறங்கும் நேரம்

அதற்குக் கீழே ஒரு வரி.
ஸ்கேனர் அதன் கழுத்தை வெட்டியிருந்தது.
எழுத்துகள் போய்
தலைமேல் வைத்த புள்ளிகள் மிச்சம்.
இரண்டு.
கொஞ்சம் வெளி.
பிறகு மூன்று.

இலைத்துளைகள் மூடிக்கொள்ளும்.
எண்ணினேன். இரண்டு, மூன்று.
இலைத்துளைகள் விரிந்திருக்கும்.
அதிலும் இரண்டு, மூன்று.
ஒன்றுக்குச் சுழியம், மற்றதற்கு இரண்டு மதிப்பெண்.

‘மறு ஸ்கேன் கோருக’ என்பதை அழுத்தினேன்.
காரணம் கேட்டது: மங்கல், சாய்வு, வேறு தாள்.
புள்ளிகள் மட்டும் என்றொரு காரணம் பட்டியலில் இல்லை.
‘பிற’ என்று போட்டேன்.

புதன்கிழமை மின்சாரம் போனது.
ஆல்துரை வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து
கேரட் பாத்தி வழியே வயர் இழுத்தேன்.
அதன் மேல் குளம்பு வைத்து
ஒரு காட்டு மாடு நின்றது.
அதனிடம் யார் பேசுவது?
அது போகும்வரை
பத்தொன்பதாம் தாள் காத்திருந்தது.

வியாழன் மாலை பக்கம் முழுசாக வந்தது.
கடைசி வரி:
மறுபக்கம் பார்க்கவும்.

இரண்டு, மூன்று. கணக்கு சரிதான்.
மூடிக்கொள்ளும் என்றிருந்தால்
‘டி’யின் கொக்கி மேலே நீட்டியிருக்கும்.
விரிந்திருக்கும் என்றாலோ மூன்று கொக்கிகள்.
ஒன்றும் இல்லாததை நான் பார்க்கவில்லை.
‘படத்தை உற்றுநோக்கவில்லை’ என்று
இருபத்திரண்டு வருடமாக
பிள்ளைகளுக்கு அரை அரையாய்க் குறைத்தவள்.

சரி, மறுபக்கம் எங்கே?
பதின்மூன்றுக்கு அடுத்து பதினைந்து.
வெற்றுத் தாளை மென்பொருள் தானே கழித்துவிடுமாம்.

மையத்தில் ரெஜினா போனை எடுத்தாள்.
“மேடம், அது பிளாங்க் பேஜ்.
பென்சில்ல ஏதோ கிறுக்கியிருக்கு, அவ்வளவுதான்.”
“அந்தக் கிறுக்கலை அனுப்பும்மா.”
“பென்சில் வெளிச்சத்துல பிடிக்காது மேடம்.”
“பிடிச்ச வரைக்கும் அனுப்பு.”
விசைப்பலகையில் அவள் நகங்கள் தட்டுவது கேட்டது.
அந்தக் கட்டைவிரலோ என்று நினைத்துக்கொண்டேன்.
கேட்கவில்லை.

வெள்ளி, நாலே முக்கால்.
ஐந்து மணிக்குக் கதவடைப்பு.
இருபத்தொன்பது பச்சை, ஒன்று மஞ்சள்.
படம் மேலிருந்து கீழாக
ஒவ்வொரு இழையாக இறங்குகிறது.
சாம்பலில் சாம்பலாய் இரண்டு அவரை விதைகளின் மேல்வளைவு.
ஓர் அம்புக்குறி.
‘காவல் செல்’ என்ற பெயர்.
துளை இருக்கும் நடுப்பகுதி
இன்னும் வரவில்லை.

வெளியே டானிங்டன் பக்கமிருந்து
பனி ஏறி
ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டது.
டப்பாவிலிருந்து கணினியைத் தூக்கி
இரண்டு கையாலும்
கம்பியோடு அழுத்திப் பிடித்திருக்கிறேன்,
ஒரு கோடு சிக்னலுக்காக.