பத்து மணி மாத்திரை

எண்ணூர் நெடுஞ்சாலையில் எனக்கு முன்னே
நாற்பத்தோரு வண்டி.
எண்ணிப் பார்த்தேன். இப்போதெல்லாம் எதையும் எண்ணுகிறேன்.

துறைமுக வாசல் திறக்கும்வரை
ட்ரெய்லரை அணைத்துவிட்டு
ஸ்டியரிங்கில் டிபன் பாக்ஸைச் சாய்த்துச் சாப்பிடும்
பதினாறு வருஷ டிரைவர்.
எலும்புக்குள் என்ன இருக்கிறதென்று
எனக்கு எப்படித் தெரியும்?

டாக்டரம்மா தாளில் வட்டம் வட்டமாய்ப் போட்டார்.
"ரத்தம் எலும்புக்குள்ளதான் தயாராகுது.
இதுல ஒரு வகை வெள்ளணு
வளரவும் மாட்டேங்குது, சாகவும் மாட்டேங்குது.
பெருகிக்கிட்டே போகுது."
சுமலதா அழுதாள்.
நான் வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
புரியுது மேடம், என்றேன்.
சரக்கு இல்லாம, பேப்பர் இல்லாம,
காலி வண்டியா வந்து
ரோட்டை அடைச்சிக்கிட்டு நிக்கிறதுங்க.
ஆம்புலன்ஸ் போக முடியாது.
தண்ணி லாரி போக முடியாது.
அதான் காலெல்லாம் நீலத் திட்டு,
அதான் பல் தேச்சா ரத்தம்,
அதான் ஸ்கூல் மாடி ஏற முடியல அவளால.

டாக்டரம்மா பேனாவை மூடினார்.
"கிட்டத்தட்ட அதான்."

கிட்டத்தட்ட.
மிச்சத்தை ஒரு வருஷமாய்ப் படிக்கிறேன்.

முதல் மாதம், வரிசையையே அடித்து நொறுக்குவது.
நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எதுவென்று
மருந்துக்குத் தெரியாது.
அதில்தான் லோகிதாவின் முடி போனது.
வாராவாரம் ஒரு ஊசி,
அது ஏறினால் பாதத்தை இழுத்து இழுத்து நடப்பாள்.
முதுகுத்தண்டில் போடுவது வேறு.
"இறா மாதிரி சுருண்டு படுத்துக்கோ பாப்பா"
என்றார் ஹெலன் சிஸ்டர்.
காசிமேட்டுப் பிள்ளையிடம் சொல்லலாமா அதை?
"வெந்த இறாதான் சுருளும், சிஸ்டர்."

ஸ்டீராய்டு பசி என்று ஒன்று இருக்கிறது.
ராத்திரி இரண்டரைக்கு எழுந்து
அத்தோ வேணும் என்றாள்.
வெளிச் சாப்பாடு கூடாது.
பச்சைக் கோஸ் கூடாது, பச்சை வெங்காயம் கூடாது.
சுமலதா எல்லாவற்றையும் வேகவைத்து
புளித்தண்ணீரில் புரட்டிக் கொடுத்தாள்.
"இது அத்தோ இல்லம்மா, அத்தோவோட அத்தை"
என்றவள் தட்டை வழித்துவிட்டாள்.

தட்டணு எட்டாயிரத்துக்கு இறங்கிய வாரம்
இதே வரிசையில் நிற்கிற வரதனும்
காஜா மொய்தீனும் மணலி ஆரோக்கியமும்
ஒருவர் மாற்றி ஒருவர் கையை நீட்டிப் படுத்தார்கள்.
ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றதற்கு
"இங்கயும் வெயிட்டிங்கா?" என்றான் வரதன்.
பழைய எலுமிச்சைச் சாறு நிறத்தில் ஒரு பை.
ஐந்து நாள்தான் ஆயுசாம்,
அதுவும் தொட்டில் மாதிரி
ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

இருபத்தொன்பதாம் நாள்
இடுப்பெலும்பில் மறுபடி துளைத்துப் பார்த்தார்கள்.
"இப்ப கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."
கும்பிட்ட என் கையை
டாக்டரம்மாவே பிடித்து இறக்கினார்.
"தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல.
சந்துல பூந்து ஒளிஞ்சிருக்கும்.
இன்னும் ரெண்டு வருஷம் மருந்து."

பக்கத்துக் கட்டில் பையனுக்கும் இதே நோய்.
அவன் அம்மா ஒருநாள்
வாளியையும் பாயையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.
ஏன் என்று கேட்டேன்.
அவனுக்கு வகை வேற, என்றார்கள்.
வகை என்கிற சொல்
அன்றிலிருந்து எனக்கு ஆகாது.

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.
போன் போடுகிறேன்.
"ஒண்ணரை மாத்திரை. பால் கூடாது."
"தெரியும்ப்பா. தினம் சொல்ற."
நாளைக்கு ரத்தம் எடுக்க வேண்டும்.
எண்ணிக்கை ரொம்பக் குறைந்தால்
மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்துவார்கள்,
ஏறினால் கூட்டுவார்கள்.
இரண்டுக்குமே பயப்படக் கற்றுக்கொண்டேன்.

டம்ளர் வைக்கும் சத்தம்.
காலண்டரில் பேனா கீறும் சத்தம்,
அல்லது அப்படி எனக்குத் தோன்றுகிறது.

"போட்டாச்சு. நீ எங்க இருக்க?"
"அதே எடம்தான். முன்னாடி முப்பத்தெட்டு."
"சாயங்காலம் நாப்பத்தொண்ணுன்னியே?
மூணு போயிடுச்சேப்பா"
என்கிறாள்
அப்படியே ஹெலன் சிஸ்டர் குரலில்.