ஒற்றைக்குழல்

ஒன்பதாவது வரி இப்படி இருக்கும்:
விண்ணப்பதாரர் மனநலம் பாதிக்கப்பட்டவரா
கேள்விக்குறிகூடக் கிடையாது.
மூன்று முறை புதுப்பித்தபோதும்
'இல்லை' என்று எழுதினேன்,
அப்பா பெயரையும் அஞ்சல் எண்ணையும்
எழுதுகிற அதே வேகத்தில்.

பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமம்.
பதினாறு வருடத்தில்
கோரையாற்றங்கரையில் ஏழு தோட்டா செலவு.
ஏழும் வானத்தைப் பார்த்துத்தான்.
பன்றிகளுக்கும் அது தெரியும்,
தின்று முடித்துவிட்டு
நிதானமாகத்தான் போகும்.

போன வருடம் தாளடி மூழ்கியது.
தண்ணீர் வடிந்தது. தூக்கம் திரும்பவில்லை.

திருவாரூர் பெரியாஸ்பத்திரி,
வியாழக்கிழமை, மாடியில் கடைசி அறை.
முத்துப்பேட்டைக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று
பெஞ்சு முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.
வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சளில் பாதி.
"வீட்டில் ஆயுதம் ஏதாவது?" என்றார்
டாக்டர் தில்ஷாத்.
மண்வெட்டி, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அப்புறம் சொன்னேன்.

தாசில்தாருக்கு எழுதிப் போட்டுவிடுவீர்களா?

"இங்கே சொன்னது இங்கே இருக்கும்.
இருந்தால்தானே அடுத்த வியாழன் வருவீர்கள்.
ஆனால் சான்று கேட்டு வந்தால்
பொய் எழுத மாட்டேன்."

திருத்துறைப்பூண்டி வரை நின்றுகொண்டே வந்தேன்.
பஸ்ஸில் ஒரு கணக்குப் போட்டேன்:
மாத்திரையை நிறுத்திவிட்டால்
'இல்லை' உண்மையாகிவிடும்.
நாற்பது நாள் நிறுத்தினேன்.
ஆகவில்லை.

ஒரு ராத்திரி பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.
பன்றி எதுவும் வரவில்லை.
கமலவேணி எழுந்து வந்தாள்.
ஒன்றும் கேட்காமல்
பீரோவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்,
பாங்கு வாசல் காவலாளி மாதிரி,
விடிகிற வரைக்கும்.

காலையில்
மாட்டுக்கொட்டகைப் பரண் மேலிருந்த
பூச்சிமருந்து டப்பாக்களைச் சாக்கில் கட்டி
இடும்பாவனத்துக்கு, தம்பி வீட்டுக்கு அனுப்பினாள்.
அந்தக் கடையில் ஒன்பதாவது வரி கிடையாது.
கடன் நோட்டு மட்டும்தான்.
துப்பாக்கியை அவளால் அனுப்ப முடியாது.
அது என் பேரில் இருக்கிறது,
தொட்டாலே குற்றம்.

பிறகு தேர்தல் வந்தது.
உரிமம் உள்ளவர்கள் எல்லாரும்
ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள்.
சரகத்தில் பதினொரு பேர்.
யார் தெளிவு, யார் கலக்கம் என்று
ஒருத்தரும் பார்க்கவில்லை.
ரைட்டர் அந்தோணிராஜ்
குழலில் ஒரு அட்டையைக் கட்டி
ரசீது கொடுத்தார்.
அத்தனை பேருக்கு நடுவில்
நானும் சும்மா ஒரு ஆள்.

இரண்டு மாதம் பீரோவில்
வேட்டியும் பத்திரமும் மட்டும் இருந்தன.
வெள்ளை ஒன்று, மஞ்சளில் பாதி
மறுபடி ஆரம்பித்தேன்.
கமலவேணி குறட்டை விடுவாள் என்பதே
எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

யாரோ ஜெயித்தார்கள். பட்டாசு வெடித்தார்கள்.
ஆனி கடைசியில் அந்தோணிராஜ் போன் செய்தார்.
"பத்துப் பேரு எடுத்துட்டுப் போயாச்சு.
ஒங்களுது மட்டும் கெடக்கு. எப்ப வர்றீங்க?"
இருக்கட்டுங்க.
"இருக்கட்டும்னா எப்படி?
காரணம் எழுதணும்ல.
பழுது, விற்பனை, உரிமையாளர் மரணம்,
மூணுதான் இருக்கு இதுல."

மூணாவது இல்லைங்க, என்றேன்.

கொஞ்ச நேரம் லைனில் மின்விசிறிச் சத்தம்.
"சரி" என்றார். "காலியா விட்டு வைக்கிறேன்.
சாயந்திரமா வாங்க, ஒரு டீ குடிக்கலாம்."

அன்றைக்கு ராத்திரி
குறுவை வயலில் பன்றி இறங்கியது.
கமலவேணி எண்ணெய் டின்னைத் தட்டினாள்.
நான் வரப்பில் நின்று
வானத்தைப் பார்த்துக் கத்தினேன்.
நிதானமாகத்தான் போயின.