நிரப்பவா?

ஆவணி. கச்சான் காற்று குடையைப் பிடுங்குகிறது.
குடை எனக்கில்லை, கருவிக்கு.
குடும்பிமலைக்குக் கீழே
தாளில் நீலக் கோடு ஓடும் இடத்தில்
மணல், மருத வேர், ஒரு சோடாப் போத்தல்,
இரவு யானை போன தடம்.

விட்டு விட்டுப் போட்ட நீலம் என்றால்
மாரியில் மட்டும் ஓடும் ஆறு.
பழைய தாளை வரைந்தவர்
பேனையை எத்தனை தரம் தூக்கியிருப்பார்?
ஒவ்வோர் இடைவெளியும் எந்த மாதம்?

மட்டக்கோலோடு நடக்கிறார் நசுறுதீன்.
இன்னும் வலப்பக்கம் என்று கை காட்டுகிறேன்.
கிறுகினார். ஓரடி வைத்தார்.
ஆளைக் காணவில்லை.
கோலின் தலை மட்டும் மணலுக்கு மேலே
சிவப்பும் வெள்ளையுமாய் நேராக நின்றது.
சறுக்கி விழுந்தும் மனுசன் அதைச் சரியவிடவில்லை.
வாசித்தேன். கழித்தேன்.
ஆழம் மூன்று மீற்றர் இருபது.
பிறகுதான் ஓடினேன்.

மாடு தேடி வந்த பூரணவதி
கருவியைச் சுற்றி வந்து பார்த்தாள்.
"மண் பெர்மிட்டுக்கா அளக்கிறீங்க?"
இல்லை, படத்துக்கு.
"அப்ப இதையும் போடுங்க புள்ள.
மார்கழியில என்ட நாகு இதுக்குள்ளதான் போச்சு.
தண்ணி மேலால மட்டமாத்தானே கிடந்த."

மட்டம்.
நான் சம்பளம் வாங்கும் சொல்.

பொழுது சாய்வதற்குள் பதினேழு குழி.
ஒவ்வொன்றின் ஓரத்திலும்
உழவு மிசின் டயர் கடித்த கரை.

மட்டக்களப்பு, கந்தோர். கரண்ட் போய் வந்தது.
திரையில் மலை எழுந்தது:
செங்குத்தில் கொசுவம் போல நெருங்கி
வட்டைப் பக்கம் அவிழ்ந்து கிடக்கும் கோடுகள்.
ஆற்றை ஓடவிடச் சொன்னேன்.
மென்பொருள் கேட்டது:
பள்ளங்கள் பதினேழு. பிழையாக இருக்கலாம். நிரப்பவா?

'ஆம்' போடுவதுதான் வழக்கம்.
ஒன்பது வருடமாக நானும் போட்டிருக்கிறேன்.
ஒரு சொடுக்கு, ஆறு வாவி வரை போய்ச் சேரும்,
தாள் வடிவாக அச்சாகும்.

'இல்லை' போட்டேன்.

நீலம் மலையை விட்டு இறங்கியது,
வழியில் இரண்டு ஓடையைச் சேர்த்துக்கொண்டது,
மருதமரத்தடியில் கிறுகி
முதல் குழிக்குள் போனது.
வெளியே வரவில்லை.

அத்தியட்சகர் தன் அறையிலிருந்து கூப்பிடுகிறார்,
ஆற்றின் மிச்சம் எங்கே என்று.