இடது சக்கரத்துக்கு நேர்

முதலில் அது ஒரு மயிரிழை.
டேஷ்போர்டின் நடுத் துவாரத்தில் தொடங்கிக்
கண்ணாடியைப் பார்த்துப் போனது.
யாரோ உதிர்த்த தலைமுடி என்று
இரண்டு நாள் ஊதிப் பார்த்தேன்.

பிறகு அதன் நுனியில்
பேனாவால் தேதி போடத் தொடங்கினேன்.
சித்திரையில் ஒரு விரற்கடை.
கத்திரி முடிவதற்குள் மூன்று, ஒரு கிளையோடு.
மணலி ரோட்டில் கன்டெய்னர்களுக்கு நடுவே
நகராமல் வெந்துகொண்டிருந்த மத்தியானம்
டப்பென்று சத்தமே கேட்டது.
டயர் என்று நினைத்து
அமராவதி பிரேக்கை மிதித்தாள்.
நான் என் பக்கத்துப் பிரேக்கையும் மிதித்தேன்.
பின்னால் வந்தவன்
எங்கள் இருவருக்கும் சேர்த்து
ஒரே வார்த்தை சொன்னான்.

ஜெசிந்தா டிரைவிங் ஸ்கூல், தண்டையார்பேட்டை.
ஒரே வண்டி, ஒரே ஜெசிந்தா.
இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்து மாருதிக்கு
நான் நான்காவது ஆள்.

எஃப்.சி.க்குப் போனபோது
இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துக் குனிந்தார்.
“என்னம்மா இது,
கொருக்குப்பேட்டை ரயில்வே லைனா?
மூடிட்டு வா, வியாழக்கிழமை.”

மூடுவதற்கு யோசனை சொல்லாதவர் இல்லை.
பஞ்சு பஞ்சாய்க் கம்பளம் விரிக்கச் சொன்னார் டீக்கடைக்காரர்.
சாமி படம் ஒட்டிடுங்க மேடம் என்றாள் அமராவதி.
இவ்வளவு நீளத்துக்கு எந்தச் சாமிடி?
“பள்ளிகொண்ட பெருமாள் இருக்காரே.”

எட்டியப்பன் மட்டும் பேசவில்லை.
காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர்,
ஐம்பத்தாறு வயதில் கார் கற்க வந்தவர்
(ஏன் என்று கேட்டால் “சும்மாதான்”).
வெடிப்பின் மேல் விரலை ஓட்டிவிட்டுச் சொன்னார்:
“இது ஓடுற வெடிப்பு.
மூடினா அடியில ஓடும்.
மொதல்ல நிறுத்தணும்.”

ஞாயிற்றுக்கிழமை டிரில்லோடு வந்தார்.
ஒவ்வொரு நுனிக்கும் முன்னால்
அரிசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.
அங்கே வந்து நின்றுவிடுமாம்,
படகிலும் அப்படித்தானாம்.

பிளவைக் குறடால் அகட்டியபோது
உள்ளேயிருந்து வந்தவை:
ஒரு ஊக்கு,
செல்லாத எட்டணா,
மணல், எங்கள் ஊரில் எதிலும் வரும் மணல்,
எல்.எல்.ஆருக்கு எடுத்த போட்டோ ஒன்று.
யாரென்று தெரியவில்லை,
எல்லோரையும் போலப் பயந்திருந்தது.

ரெசினைக் குழைத்து, பாயை வைத்து,
உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து
முழங்கை வரைக்கும் வெள்ளை.
வண்ணாரப்பேட்டையில் வாங்கிய கறுப்பு ரெக்சினை
பார்லர் சுபாங்கியின் ஹேர் டிரையரால் சுட வைத்து
வளைவுகளில் இழுத்தோம்.
ஓரங்களை ஐஸ் குச்சியால் உள்ளே திணித்தேன்.
சாயங்காலம் வண்டி
துக்க வீட்டுக்குப் போகும் ஆபீஸர் மாதிரி இருந்தது.
வாசனை மட்டும் படகு.

திங்கள் காலை,
எண்ணூர் நெடுஞ்சாலை,
எல்.எல்.ஆர். வாங்கிப் பதினோராவது நாள் அமராவதி
நேராய்ப் போய் டீக்கடை பெஞ்சை முட்டினாள்.
நல்லவேளை, காலி பெஞ்சு.

“மேடம், கோடு எங்க?”

எந்தக் கோடு?

“அதான், கிளை பிரியற எடம்.
அது ரோட்டோரத்துக்கு நேரா இருந்தா
லெஃப்ட் சக்கரம் தப்பாது.
தமீம் அண்ணன் சொல்லிக் குடுத்தாரு.
அவருக்கு அந்த போஸ்ட் ஆபீஸ் அக்கா.
எட்டியப்பன் சாருக்கும் தெரியுமே.”

தெரியுமா?
பின் சீட்டில் அவர்
கண்ணாடி வழியாக ஒரு லாரியை
மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, ஒரு வருஷம்.
லெஃப்ட்டு லெஃப்ட்டு என்று நான் தொண்டை கிழியக் கத்த,
கேட்டுக் கற்கிறார்கள் என்று நான் நம்ப,
ஒரு உடைசலைப் பார்த்து
இத்தனை பேர் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள்.

சிரிப்பு வர அரைமணி நேரம் ஆயிற்று.

வண்டியை ஓரங்கட்டி
பையிலிருந்து வெள்ளை நெயில் பாலிஷ் எடுத்தேன்.
அமராவதி ஓட்டுநர் சீட்டில் நிமிர்ந்து
ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டாள்.
புது ரெக்சின் மேல்
என் கை நடுங்குகிறது, கொஞ்சம்தான்.

“லெஃப்ட்டு மேடம்.
இன்னும் லெஃப்ட்டு.
பயப்படாதீங்க, மெதுவா...
அய்யய்யோ, தாண்டிட்டீங்க,
ரிவர்ஸ் வாங்க.”