சுமுகமாக நடைபெற்றது

ஒன்பது மணிக்குக் கூட்டம்.
அறிவித்தலின் கீழ்ப்பாதியை
பஸ் நிலையத்து மான் தின்றுவிட்டது.
'பொதுமக்கள் அனைவரும்' என்பது வரை வாசித்துவிட்டு
இத்தனை பேர் வந்திருந்தார்கள்.
எதற்கு என்பது மானின் வயிற்றில்.

நான் குறிப்பெடுப்பவள்.
பிரதேச செயலக மண்டபத்தில்
கடல் தெரியும் யன்னலுக்கு முதுகு காட்டி இருப்பவள்.
பேசுவது என் வேலையில்லை.

கொழும்பிலிருந்து வந்த இளைஞன் நல்லவன்தான்.
வியர்க்க வியர்க்கத் திரையில் படம் காட்டினான்.
இயந்திரத்துக்கு யாரையும் தெரியாது,
ஆகவே யாருக்கும் ஓரவஞ்சனை செய்யாது என்றான்.
மண்டபம் கொஞ்ச நேரம்
மின்விசிறியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

சம்பூர்க்காரர் ஒருவர் எழும்பினார்.
மீளக் குடியேறிய மூன்று குடும்பத்துக்கு
ஒரே மீற்றர்.
"உங்கட மெசினுக்கு நாங்கள்
ஏசி பூட்டின ஒரு பணக்காரன்."
சிரித்தார்கள். நானும்.
குறிப்பில் சிரிப்புக்கு இடமில்லை.

கோமரங்கடவல குசுமலதா சிங்களத்தில் சொன்னதை
கிண்ணியா செயிலாப்தீன் தமிழில் சொன்னார்:
யானை உடைத்த சுவர்
கணக்கில் இன்னும் கல்வீடாய் நிற்கிறது.
சொல்லி முடித்துத் தன் பங்குக்கும் கேட்டார்,
"வித்த எஞ்சினுக்கு
இன்னும் நான்தான் முதலாளியாம்.
அதை எந்தப் பாஷையில மறுக்கிறது, தம்பி?"

யோகநிதி கடைசி வரிசையில்.
நான்காய் மடித்த படிவம்,
மடிப்பில் எழுத்து அழிந்து.
கணவர்: உயிருடன். இறந்துவிட்டார்.
இரண்டு பெட்டி.
இரண்டாவதில் கீறினால்
புள்ளி கூடும், காசு வரும்.
அவள் கீறவில்லை.
ஆகவே இயந்திரத்தின் கணக்கில்
அந்த வீட்டில் உழைக்கிற ஆம்பிளை ஒருவர் உண்டு;
மாதாமாதம் சம்பளம் கொண்டுவருகிறார்;
அவள் மட்டும்தான் அவரைக் காணவில்லை.

"மன்னிப்பு வேண்டாம். இன்னொரு பெட்டி வேணும்."
இளைஞன் பேனையை எடுத்தான்.
"காணாமல் போனவர் என்று போடலாமா, அக்கா?"
"அவர் போகேல்லை."
பிறகு சொன்னாள்,
"தேடுறம் எண்டு போடுங்கோ."

இருபது வருடம் படிவம் பார்த்தவள் நான்.
பெட்டிக்குள் வினைச்சொல் கண்டதில்லை.
அதுவும் நிகழ்காலத்தில்.
அதுவும் தன்மைப் பன்மையில்.

பெட்டி சேர்க்க மேலிடத்து அனுமதி வேண்டும் என்றான்.
எல்லோரும் மேலே பார்த்தோம்.
விசிறி. ஒரு பல்லி.
"அந்த மேலிடத்தில எத்தினை கதிரை?" செயிலாப்தீன்.
ஏழு.
"திருகோணமலைக்கு?"
அவன் தண்ணீர் குடித்தான்.

அதற்குப் பிறகு நடந்தது நிகழ்ச்சி நிரலில் இல்லை.
கை உயர்த்தி ஐந்து பேரைத் தெரிந்தார்கள்.
லேசில் அல்ல.
மூதூருக்கு ஏன் இரண்டு, பெண்கள் எத்தனை,
தெரிந்தவரில் ஒருவருக்கு
மீனவர் சங்கத்தில் பழைய பாக்கி வேறு.
அரைமணி நேரம் கத்தினார்கள்.
சோற்றுப் பார்சல்கள் ஆறின.
கடைசியில் ஒரு தாள்:
புள்ளி போடுகிற சூத்திரத்தை
எங்களுக்கு விளங்கும் பாஷையில் எழுதித் தா;
நாங்கள் இல்லாத அறையில் அதை மாற்றாதே.
கீழே நாற்பத்திரண்டு கையெழுத்து,
ஒன்பது பெருவிரல்.

எனக்கும் நீட்டினார்கள்.
உத்தியோகத்தர் ஒப்பமிடலாமா என்று
எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை.
கூடாது என்றும் சொல்லவில்லை.
நாற்பத்து மூன்று.

மாலை, கணினி தானாகவே
கூட்டத்தைச் சுருக்கித் தந்தது.
இப்போது அதுவும் இருக்கிறது எங்களிடம்.
மூன்று வரி. மூன்றாவது:
'கூட்டம் சுமுகமாக நடைபெற்றது.'

கதிரையைத் திருப்பிப் போட்டேன்.
டச்சுக் குடாவில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது.
மூன்று வரியையும் அழித்துவிட்டு
முதலிலிருந்து எழுதினேன்,
கத்தியதை, பல்லியை,
சிரிப்பையும், அது விழுந்த இடத்திலேயே.

பெட்டி வருமா, தெரியாது.
அடுத்த கூட்டம் பதினான்காம் திகதி.
அறிவித்தலை இம்முறை
மானுக்கு எட்டாமல்,
யோகநிதியின் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில்
ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.